13 வயதில் வந்த பிள்ளை 17 வயதிலும் திடலில் இருக்க: தோட்டப்புற விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் புதிதாகக் கழகம் தொடங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை செய்கிறார்கள். முதலில் ஜெர்சி. அடுத்து ஒரு போட்டி. அதற்குப் பிறகு பிள்ளைகள். பெற்றோர், வாகனம், நேரம் எல்லாம் சிக்கல் வந்த பின்புதான் நினைவுக்கு வருகின்றன. ஜெர்சி வந்த மாதம் திடல் நிரம்பியிருக்கும். தீபாவளி கழிந்ததும் கோல் காக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் காற்பந்திலிருந்து வருகின்றன. வலைப்பந்து, ஹாக்கி, பூப்பந்து, கபடி, சிலம்பம் எதுவானாலும் படிகள் இவைதான்.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மாநில அணிக்குப் போகக்கூடிய பிள்ளையை யாரும் பிடித்துவைக்க வேண்டியதில்லை. அவன் மழையிலும் வருவான். மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அடுத்த வாரமும் வருவானா என்பதுதான் கேள்வி. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அவனுக்காக.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஓராண்டுக்காவது விலகமாட்டோம் என்று ஒப்புக்கொண்ட மூன்று பெரியவர்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஒரு வருகைப் பதிவேடு, முதலுதவிப் பெட்டி, ஐந்தாறு பந்துகள், கூம்புகள் போதும். திடலுக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்குங்கள். தலையாட்டலை நம்ப வேண்டாம். தோட்ட நிர்வாகி மாற்றலாகிப் போனால் அந்தத் தலையாட்டலும் அவரோடு போய்விடும்.

1. பயிற்சி நடக்க முடியாத நாட்களை முதலில் குறியுங்கள்

பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் வரையுங்கள். பள்ளித் தேர்வு வாரங்கள், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு), பள்ளி விடுமுறை, தைப்பூசம், தீபாவளி, அந்தந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழா ஆகியவற்றுக்கு முதலில் சிவப்புக் கோடு போடுங்கள். தைப்பூசத்துக்கு முன் பல வீடுகளில் விரதம் இருக்கும். ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுக்கும் அண்ணனுக்குத் துணையாகத் தம்பி போவான். அந்த வாரத்தில் கட்டாயப் பயிற்சி வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று கோபப்படுவது வீண்.

அடுத்து, பள்ளி விளையாட்டு மன்றத்தின் மாவட்டப் போட்டிகள் நடக்கும் வாரங்களைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுக் குறியுங்கள். அந்த வாரங்களில் கழகப் பயிற்சியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஒரே பிள்ளையை ஆசிரியரும் பயிற்றுநரும் இரண்டு பக்கமும் இழுத்தால், எங்கே திட்டு அதிகமோ அந்த இடத்தை அவன் விட்டுவிடுவான். பள்ளியை விட முடியாது. ஆகவே அது கழகமாகத்தான் இருக்கும்.

மழையையும் கணக்கில் கொள்ளுங்கள். மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். அந்த மாதங்களில் வாரநாள் மாலைப் பயிற்சியை வாரக் கடைசி காலைக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து மணிக்கு மழை வந்து பயிற்சி ரத்தானால், நகரத்துப் பிள்ளை நடந்து வீடு போய்விடுவான். தோட்டத்திலிருந்து வந்தவன் ஏழு மணி வரை பஸ் நிறுத்தத்தில் ஈரத்தோடு நிற்பான். இப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாம் முறை அவன் அம்மா அனுப்பமாட்டார்.

வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி போதும். நான்கு நாள் அட்டவணை போட்டுப் பாதிப் பேர் வராமல் இருப்பதைவிட, இரண்டு நாள் போட்டு எல்லோரும் வருவது மேல். வருகை குறைந்த திடலைப் பார்க்கும் பிள்ளைக்கு ‘இது முடிந்துபோன கழகம்’ என்ற எண்ணம் வந்துவிடும்.

2. வாகனத்துக்கு வழி செய்யுங்கள்

முதல் செலவு பந்தல்ல, பெட்ரோல். எல்பில், டோவன்பி, சங்காட் சாலாக் தோட்டங்களின் பக்கத்திலிருந்து நகரத் திடலுக்கு வரும் பிள்ளையின் வருகை அவன் ஆர்வத்தைப் பொறுத்ததல்ல. யாரிடம் வண்டி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பதிவு செய்ய வரும் பிள்ளையிடம் எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்பதற்கு முன், எப்படி வருவாய், எப்படித் திரும்புவாய் என்று கேளுங்கள். இரண்டுக்கும் விடை வேண்டும். வரும்போது கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள், திரும்புவதில்தான் சிக்கல். பதில்களைத் தோட்டம் வாரியாக ஒரு தாளில் எழுதினால், வான் வைத்திருக்கும் ஒரு பெற்றோர் எத்தனை பேரை ஏற்றிவர முடியும் என்பது தெரிந்துவிடும். அவருக்கு மாதம் முடிந்ததும் பெட்ரோல் காசைத் தவறாமல் கொடுங்கள். ‘நம் பிள்ளைகள்தானே’ என்று ஆரம்பத்தில் அவர் மறுப்பார். வாங்க வைத்துவிடுங்கள். இலவச உதவிக்கு ஆயுள் குறைவு.

மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கக் குறைந்தது 16 வயதாக வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் 13 வயதுப் பிள்ளைகள் ஓட்டுவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் கழகத்துக்கு உரிமமும் தலைக்கவசமும் இல்லாமல் வரக்கூடாது என்ற விதி வேண்டும். வேறு வழி காட்டாமல் இந்த விதியைப் போட்டால் அவர்கள் வண்டியைத் திடலுக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். அதனால்தான் வானுக்கு ஏற்பாடு செய்த பிறகு இந்த விதி.

மாலைப் பயிற்சிக்கு ஐந்தேகால் முதல் ஆறே முக்கால் வரை பொருத்தமான நேரம். வெயில் தணிந்திருக்கும், நம் பக்கத்தில் ஏழு மணிக்கு மேல்தான் இருட்டும். இரு வேளைப் பள்ளிகளில் படிக்கும் கீழ்ப்படிவ மாணவர்கள் பள்ளி முடிந்து வரவே ஆறரை ஆகிவிடும். அவர்களுக்கு வாரநாளே வேண்டாம். சனி, ஞாயிறு காலையை ஒதுக்குங்கள். சொன்ன நேரத்தில் முடியுங்கள். தொடங்குவதில் ஐந்து நிமிடம் தாமதமானால் யாரும் கேட்கமாட்டார்கள். முடிப்பதில் இருபது நிமிடம் தாமதமானால் தொழிற்சாலை ஷிப்டு முடிந்து வந்து காத்திருக்கும் தாய் கேட்பார்.

3. பதிவு

1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிந்துகொள்ள வேண்டும். மாநில இளைஞர், விளையாட்டுத் துறை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். சட்டவிதிகள், செயற்குழுப் பட்டியல், முகவரி ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பதிவு இருந்தால் கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், உதவிநிதி கேட்கலாம், திடல் விண்ணப்பமும் எளிதாகும். அது கிடைக்கும்வரை கழகத்தின் பெயரில் யாரிடமும் பணம் வாங்காதீர்கள்.

4. பாதுகாப்பு விதிகளை எழுதுங்கள்

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. காரில், அறையில், வெளியூர்ப் போட்டியில் என எங்கும் இதே விதி. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெற்றோரும் இரண்டாவது பொறுப்பாளரும் இருக்க வேண்டும். பயிற்றுநர் பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இல் வந்தது. நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் குற்றம் செய்தால் அதில் கூடுதல் தண்டனை உண்டு. ‘எங்களைச் சந்தேகிக்கிறீர்களா?’ என்று கேட்கும் பயிற்றுநர் வருவார். இந்த விதி அவரையும் காக்கிறது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் முகம் சுளித்தால், அவர் வேண்டாம்.

பெற்றோர் கையெழுத்திடும் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை பற்றிய கேள்விகளும் இரண்டு தொலைபேசி எண்களும் இருக்கட்டும். செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் அப்பாவுக்குச் சில நேரம் அழைப்பு போகாது. இரண்டாவது எண் அதற்காகத்தான்.

இடி மின்னலுக்கு விவாதம் கூடாது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் திடலைக் காலி செய்யுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளி நடவடிக்கைகள் நிறுத்தப்படுகின்றன. கழகமும் அதையே பின்பற்றட்டும். தலையில் அடிபட்டு மயங்கிய, தடுமாறிய பிள்ளை அன்று மீண்டும் ஆடக்கூடாது, இறுதியாட்டமாக இருந்தாலும்.

பயிற்றுநரில் ஒருவராவது தேசிய பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தின் முதல் நிலையையும் ஒரு முதலுதவி வகுப்பையும் முடித்திருப்பது நல்லது. நன்றாக ஆடியவர் என்ற தகுதி மட்டும் போதாது.

5. பெற்றோரை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்

கூட்டம் போட்டு அழைத்தால் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள்தான் வருவார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களின் வீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும். ஞாயிறு காலை பசியாறல் முடிந்த நேரம் நல்லது. சம்பள நாள் மாலையில் போகாதீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் மூன்று பயங்கள் இருக்கின்றன. படிப்பு கெடும். அடிபட்டால் யார் பார்ப்பது? திடலில் சேரும் கூட்டம் சரியில்லை. மூன்றாவதைப் பலர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். திடலோரம் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து மின் சிகரெட் புகைக்கும் அண்ணன்மார்களை எல்லா அம்மாக்களும் பார்த்திருக்கிறார்கள். குண்டர் கும்பல் பயம் பொய்யானதல்ல. ஆகவே நீங்களே பேச்சை எடுங்கள்: பயிற்சி நேரத்தில் வெளியாட்கள் திடல் எல்லைக்குள் வரமாட்டார்கள், முடிந்ததும் பிள்ளைகள் அங்கே நிற்கமாட்டார்கள். சொன்னால் செய்தும் காட்ட வேண்டும்.

“அண்ணே, தம்பியை நான் பெரிய ஆட்டக்காரனாக்குவேன் என்று சொல்லவில்லை. செவ்வாயும் சனியும் அனுப்புங்கள். ஏழு மணிக்குள் வீட்டு வாசலில் இருப்பான். தேர்வு வாரத்தில் நானே அனுப்ப வேண்டாம் என்று சொல்வேன்.” இவ்வளவு பேசினால் போதும். மாநில அணி, அரசாங்க வேலை, பல்கலைக்கழக இடம் என்று அடுக்காதீர்கள். ஆறு மாதத்தில் அந்த வாக்கே உங்களுக்கு எதிராக நிற்கும்.

புறப்பாடப் புள்ளிகள் பற்றிக் கேட்பார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு என்பது உண்மை. ஆனால் கழகக் கடிதம் ஒன்று தானாகப் புள்ளியாக மாறிவிடாது. எந்தப் பங்கேற்பு கணக்கில் சேரும் என்பதைப் பள்ளிப் புறப்பாடப் பொறுப்பாசிரியரிடம் கேட்டு, தேவையான சான்றை ஆண்டு முடியும் முன் கொடுத்துவிடுங்கள். ஐந்தாம் படிவத்தில் பழைய சான்றிதழ்களைத் தேடி ஓடுவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் கூத்து.

6. ஆறாம் ஆண்டிலேயே பிடியுங்கள்

பிள்ளைகள் விலகும் முதல் வாசல் படிவம் 1, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மாணவர்கள் குறைவு; ஓடத் தெரிந்த எல்லோரும் பள்ளி அணியில் இருப்பார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நூற்றுக்கணக்கானோரில் ஒருவன். மொழி புதிது, நண்பர்கள் புதியவர்கள், சிலருக்குப் படிவம் 1க்கு முன் ஓராண்டுப் புகுமுக வகுப்பு வேறு. அணித் தேர்வில் முதல் நாளே கழிக்கப்பட்டால், ‘எனக்கு விளையாட்டு வராது’ என்று அவன் முடிவுகட்டிவிடுவான்.

எனவே ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மூலமாக அவர்களைச் சில சனிக்கிழமைகள் திடலுக்கு அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் அதே தமிழ்ப்பள்ளியில் படித்து இப்போது இரண்டாம் படிவத்தில் இருக்கும் ஓர் அண்ணனையோ அக்காவையோ துணையாகக் காட்டுங்கள். புதிய பள்ளியில் சிற்றுண்டிச்சாலை எங்கே என்று காட்டுபவரும் அவர்தான். பயிற்சிக்குக் கூட்டிவருபவரும் அவர்தான்.

பல பள்ளிப் போட்டிகளில் 12, 15, 18 வயதுக்குட்பட்டோர் என்றே பிரிவுகள் இருக்கின்றன. 13 வயதுப் பிள்ளை, மீசை அரும்பிய 15 வயதுப் பையனோடு இடத்துக்குப் போட்டி போட வேண்டும். இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தே கழிந்துவிடும். இதைப் பள்ளி மாற்ற முடியாது, கழகம் மாற்றலாம். 13, 14 வயதினருக்கென்று தனி ஆட்டங்களைப் பக்கத்துக் கழகங்களோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். கிண்ணம் தேவையில்லை.

7. பயிற்சியை இந்த வரிசையில் நடத்துங்கள்

வந்தவுடன் ஆட்டம். மூன்று பேர் வந்தாலே ஒரு சிறு ஆட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சேரட்டும். எல்லோரும் வரும்வரை திண்ணையில் உட்காரவைத்தால் கைபேசி வெளியே வரும். சீக்கிரம் வருவது வீண் என்ற பாடத்தையும் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

பிறகு ஒரே ஒரு திறன், கால் மணி நேரம். வரிசையில் நிற்கவைத்து ஒருவர் பின் ஒருவராகப் பந்தடிக்க வைக்காதீர்கள். இருபது பேர் வரிசையில் ஒரு பிள்ளை பந்தைத் தொடுவது எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். இருவருக்கு ஒரு பந்து, இல்லையென்றால் நால்வருக்கு ஒன்று.

மீதி நேரம் முழுதும் நான்குக்கு நான்கு, ஐந்துக்கு ஐந்து ஆட்டங்கள். பதினொன்றுக்குப் பதினொன்று ஆடினால் திறமைசாலிகள் நால்வர் பந்தை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் புல்லை எண்ணுவார்கள். சிறு திடலில் யாரும் ஒளிய முடியாது. சுமாரான பிள்ளைக்கு அங்கேதான் ஆட்டம் பிடிபடும்.

அணித் தலைவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆள் பிரிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். கடைசியில் மிஞ்சும் பிள்ளை யார் என்பது ஒவ்வொரு வாரமும் எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கப்படுகிறது. நீங்களே பிரித்துவிடுங்கள். தோட்டம் வாரியாகப் பிரிக்காதீர்கள். டோவன்பிக்கும் எல்பிலுக்கும் என்று ஒரு நாள் பிரித்தால் அந்த வாரம் விறுவிறுப்பாகத்தான் இருக்கும்; அடுத்த வாரம் பழைய கணக்கைத் தீர்க்க யாராவது வருவார்கள்.

தண்டனைக்கு ஓடவைக்காதீர்கள். ஓட்டம் தண்டனையானால், ஓட்டம் நிறைந்த விளையாட்டு முழுவதும் தண்டனையாகிவிடும். பிந்தி வந்தவனைத் திடலைச் சுற்றவைப்பது எல்லாவற்றையும்விட மோசம். அப்பாவின் வண்டி பழுதானதற்கு அவன் என்ன செய்வான்?

வளர்ச்சியையும் கவனியுங்கள். ஆறு மாதத்தில் கிடுகிடுவென உயர்ந்த பிள்ளை திடீரென்று தடுமாறுவான். போன ஆண்டு செய்த திறனைச் செய்ய முடியாமல் கூச்சப்படுவான். சிலருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். வளரும் வயதில் அதிகம் குதித்து ஓடுபவர்களுக்கு இது வருவதுண்டு. எண்ணெய் போட்டு நீவிவிட்டு ஆடச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், சுமையைக் குறையுங்கள், உடல் வளர்கிறது என்று அவனிடமும் விளக்குங்கள். காரணம் தெரியாத பிள்ளை தன் திறமை போய்விட்டது என்று நம்பி விலகுவான்.

குண்டன், கறுப்பன், நெட்டையன் போன்ற பட்டப்பெயர்களைப் பயிற்றுநர் வாயால் சொல்லவே கூடாது. நகைச்சுவைக்குச் சொன்னேன் என்பார்கள். சிரிக்கும் பிள்ளையும் அதை மறப்பதில்லை.

8. பெண் பிள்ளைகளுக்குத் தனியாகத் திட்டமிடுங்கள்

ஆர்வமில்லை என்பது வசதியான பொய். தமிழ்ப்பள்ளியில் வலைப்பந்தும் ஓட்டமும் கலக்கிய பெண் பிள்ளைகள் 13 வயதில் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் கழிப்பறைதான் காரணம். தோட்டத் திடலில் கழிப்பறை இருக்காது, இருந்தால் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. மாதவிடாய் நாட்களில் அவர்கள் வரமாட்டார்கள், காரணத்தையும் சொல்லமாட்டார்கள். அடுத்த வாரம் ‘ஏன் வரவில்லை?’ என்று ஆண் பயிற்றுநர் எல்லோர் முன்னும் கேட்டால் அதோடு முடிந்தது.

ஆகவே வரிசை இதுதான். பூட்டிக்கொள்ளக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத் திடலில் இல்லையென்றால் பக்கத்துக் கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ கேளுங்கள். முதலுதவிப் பெட்டியில் மாதவிடாய் அணையாடைகளை வையுங்கள். பெண் பொறுப்பாளர் அதைப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொன்னால் போதும். நீளக் காற்சட்டை, முழங்கைவரை சட்டை போட விரும்புபவர்களைத் தடுக்காதீர்கள். வெள்ளைக் காற்சட்டை வேண்டவே வேண்டாம்.

நேரம் வாரக் கடைசி காலையாக இருந்தால் வீடுகளில் எதிர்ப்பு குறையும். இருட்டியபின் திரும்பும் பயிற்சிக்கு மகளை அனுப்பாத அப்பாவோடு வாதாடுவதைவிட நேரத்தை மாற்றுவது எளிது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புள்ள அக்காக்கள் பலர். சின்னவர்களையும் கூட்டிவரச் சொல்லுங்கள். ஓரமாக ஒரு பந்து கொடுத்தால் அவர்கள் தாமாக விளையாடுவார்கள். நாளைய உறுப்பினர்களும் அவர்கள்தான்.

பையன்கள் ஆடி முடித்தபின் மிஞ்சும் நேரத்தையும் தேய்ந்த பந்தையும் பெண்களுக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்கள். திடல் நேரத்தை நாட்காட்டியிலேயே சரிபாதியாகப் பிரித்து எழுதுங்கள்.

9. 15 வயதில் பொறுப்பு கொடுங்கள்

முதல் அணியில் இடம் கிடைக்காது என்று தனக்கே தெரிந்த பிள்ளை 15 வயதில் சுற்றிப் பார்ப்பான்: இங்கே எனக்கு என்ன இருக்கிறது? அவனுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். சின்னவர்களின் ஆட்டத்துக்கு நடுவர், நேரக் கணக்காளர், வருகைப் பதிவாளர், முதலுதவி உதவியாளர், செயற்குழுவில் இளையோர் பிரதிநிதி. இவை உண்மையான வேலைகள். கூம்பு பொறுக்குவதும் தண்ணீர் தூக்குவதும் பொறுப்பல்ல. அதை எல்லோரும் முறை வைத்துச் செய்ய வேண்டும்.

நடுவராக நிற்கும் பிள்ளையின் முடிவை ஒருமுறை நீங்கள் மாற்றினால் அவன் வேலை அத்தோடு போயிற்று. தவறாகவே ஊதியிருந்தாலும் ஆட்டம் முடிந்தபின் தனியாகப் பேசுங்கள்.

10. வராதவர்களைத் தேடிப் போங்கள்

பதிவேடு எழுதுவது சான்றிதழுக்காக அல்ல. தொடர்ந்து இரண்டு முறை வராத பெயரைக் கண்டுபிடிப்பதற்காக. மூன்றாவது முறைக்கு முன் பேச வேண்டும். ஒரு மாதம் விட்டால் அவனுக்குத் திரும்பி வர வெட்கமாகிவிடும். குழுவில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள். வீட்டு எண்ணுக்கு அழையுங்கள், அல்லது வழியில் பார்க்கும்போது நின்று பேசுங்கள்.

“ஏன் வரவில்லை?” என்றால் பொய்தான் பதிலாக வரும். “செவ்வாய்க்கிழமை வருவதில் என்ன சிரமம், தம்பி?” என்று கேளுங்கள். ‘வேலை இருக்கிறது’ என்றால் பெரும்பாலும் வீட்டில் உண்மையாகவே வேலை. அப்பாவோடு செம்பனைக் குலை ஏற்றப் போகிறான், அல்லது கடையில் நிற்கிறான். அவனுக்கு வாரம் ஒரு நாள் மட்டும் வர அனுமதி கொடுங்கள். ‘காலணி கிழிந்துவிட்டது’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘கால் வலி’ என்பார்கள். காலை மட்டுமல்ல, காலணியையும் பாருங்கள். ‘சும்மா, பிடிக்கவில்லை’ என்றால் பெரும்பாலும் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அதை இரண்டாவது பொறுப்பாளர் விசாரிக்கட்டும், ஏனென்றால் சொன்னவர் நீங்களாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்தவனை “வந்துவிட்டார் ஐயா!” என்று கைதட்டி வரவேற்காதீர்கள். நேற்றும் வந்தவனைப்போல நடத்துங்கள்.

11. எஸ்பிஎம் ஆண்டுக்குத் தனி வழி

இரண்டாவது பெரிய வாசல் இதுதான். நான்காம் படிவ முடிவில் வீட்டில் ‘போதும் விளையாட்டு’ என்று சொல்லிவிடுவார்கள். கழகமும் வந்தால் முழுதாக வா, இல்லையென்றால் வராதே என்று சொன்னால் இரண்டு கதவும் சாத்தப்படுகின்றன.

ஐந்தாம் படிவத்தினருக்கு வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், அணித் தேர்வு இல்லாத ஆட்டம் மட்டும் என்று எழுத்தில் போடுங்கள். அந்தத் தாளைப் பெற்றோரிடம் கொடுங்கள். டியூஷன் நேரம் மோதினால் கழகம் விட்டுக்கொடுக்கட்டும். தேர்வு மாதத்தில் முழு விடுப்பு; ஆனால் பெயர் பட்டியலில் இருக்கும், குழுவிலும் இருப்பார்கள்.

தேர்வு முடிந்த அடுத்த வாரக் கடைசியிலேயே ஓர் ஆட்டத்துக்கு நாள் குறித்துவிடுங்கள். காத்திருந்தால் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். உள்ளூரில் ஷிப்டு வேலையில் சேருபவர்களுக்குப் பயிற்சி நாளை நிர்ணயிக்க முடியாது; அவர்களைச் சின்னவர்களின் ஞாயிறு ஆட்டங்களுக்கு உதவியாளர்களாக வைத்துக்கொள்ளலாம்.

12. போட்டிகளைக் குறைவாக, கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

ரொக்கப் பரிசுப் போட்டிகளுக்கு 18 வயதுக்குட்பட்ட அணியை அனுப்பாதீர்கள். பணம் வந்ததும் வெளியூரிலிருந்து ஆள் இறக்குவார்கள், உங்கள் பிள்ளைகளில் மூன்று பேருக்கு இடம் போகும். போகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டம் ஆட வேண்டும் என்ற விதியை நுழைவுக்கட்டணம் கட்டும் முன் அறிவியுங்கள். அரையிறுதியில் இந்த விதியை மீற ஆசை வரும். மீறினால் மற்ற விதிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். வயதைக் குறைத்துக் காட்டும் வேலைக்கு எந்த நிலையிலும் இடம் வேண்டாம். மைகார்டை (அடையாள அட்டையை) பார்த்துப் பதியுங்கள்.

13. பணமும் ஜெர்சியும்

மாதச் சந்தா எல்லா வீடுகளும் கட்டக்கூடிய சிறு தொகையாக இருக்கட்டும். கட்ட முடியாதவர்களின் பெயர் பொருளாளருக்கு மட்டும் தெரிய வேண்டும். மாத வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதிப் பெற்றோர் குழுவில் போடுங்கள். இந்த வட்டாரத்தில் கழகங்கள் உடைவது தோல்வியால் அல்ல, கணக்கு காட்டாததால்.

காலணிக்கு ஒரு பெட்டி வையுங்கள். கால் வளர்ந்து அளவு மாறிய காலணிகளைக் கழுவி அதில் போடச் சொல்லுங்கள். யார் எடுத்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டாம்.

ஜெர்சியை மூன்று மாதம் தொடர்ந்து பயிற்சி நடந்த பிறகு வாங்குங்கள். அப்போதுதான் உண்மையான எண்ணிக்கை தெரியும். முதல் அணிக்கு ஒன்று, மற்றவர்களுக்கு வேறொன்று என்று இரண்டு வகை வேண்டாம். முதுகில் பெயர் அச்சிட வேண்டாம். எண் மட்டும் போதும், அளவு போதாமல் போனால் தம்பிக்குக் கொடுக்கலாம். அளவெடுக்கும்போது ஒரு சுற்றுப் பெரிதாகச் சொல்லுங்கள். ஆதரவாளர் பெயர் போடுவதானால் மதுவும் புகையும் சூதாட்டமும் விற்பவர்கள் வேண்டாம். எப்போதும் ஐந்தாறு உடுப்புகள் கூடுதலாகத் தைத்துப் பெட்டியில் வையுங்கள், ஆண்டு நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு முதல் வாரமே கொடுப்பதற்கு.